தறிக்குழியின் மேல் நின்ற மஸ்டாங்

அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்த கீர்த்தி, கார் ஆடுவதைப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. கணவன் சிவராஜ் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. பின்பக்கம் லேசாக அமுங்கியது, எழுந்தது, மறுபடி அமுங்கியது, அடியில் யாரோ உட்கார்ந்துகொண்டு இடக்கால் வலக்காலாக மாற்றி மாற்றி மிதிப்பதுபோல. பெட்ரோலும் கிரீஸும் மணக்கும் அந்த அறையில், கஞ்சி போட்ட ஈர நூலின் புளித்த வாடை வீசியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் நின்றது.

பத்து வயதில் காலண்டர் படத்தில் பார்த்த சிவப்பு மஸ்டாங் காருக்காகக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டவன் சிவராஜ். ஏழு வருடத்துக்கு முன், சென்னைக் குடோன் ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்சுவரை இடித்து உள்ளே தள்ளினான். அதற்கு இடம் வேண்டி, இறந்துபோன அப்பா குமாரசாமியின் தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றினான். நெய்கிறவர் மிதிகட்டையில் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழியை மட்டும் மூடவில்லை. காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க வாகாக இருந்தது.

"தறி எடுத்தா அன்னிக்கே குழிய மூடிடணும்பா. இல்லாங்காட்டி உக்காந்தவரு எழுந்து போவமாட்டாரு," என்று எதிர்வீட்டுச் செல்லியம்மாள் அப்போதே சொன்னாள்.

"இருக்கட்டும்க்கா. வண்டி ரெடியானா அவரையும் ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போறேன்," என்று சிரித்தான்.

நேற்றுதான் டயர் மாட்டினான். நாளைக் காலையில் கோயில் வாசலில் பூசை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தவன், வந்ததும் சட்டையைக் கழற்றினான்.

"இன்னிக்கு இறங்காதீங்க. வண்டி தானா ஆடுச்சு."

"ஏழு வருஷமா நின்னுக்கினே இருக்குது. அதுக்கும் ஊர் சுத்த ஆசை இருக்காதா? ஒரே ஒரு போல்ட்டுமா. லைட்ட புடி."

அவள் மண்டியிட்டு டார்ச்சைப் பிடித்தாள். குழிக்குள் உட்கார்ந்தவனின் தலையும் தோளும் தெரிந்தன. ஸ்பேனர் இரும்பில் உரசியது. கார் ஆடத் தொடங்கியது.

"ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டறேன்?"

உரசல் நின்றது. தெருவில் ஒரு வீட்டு டிவி சத்தமும் இல்லை.

"கீர்த்தி... கால்ல மிதிகட்டை தட்டுது."

"தறியதான் எடுத்துட்டமே."

"மிதிச்சுட்டேன். கீழ போவுது."

தோள் மறைந்தது. தலை மறைந்தது. இடுப்பளவுக் குழிதான். வெளிச்சம் அடியைத் தொடவில்லை.

"கைய குடும்மா!"

குப்புறப் படுத்துத் தோள்வரை நீட்டினாள். இருட்டில் விரல்கள் வந்து அவள் மணிக்கட்டைப் பற்றின. இறுக்கமாக.

"புடிச்சுட்டேன். விடாதீங்க, விடாதீங்க," என்று அழுதபடியே இழுத்தாள். கனமே இல்லை. வந்துகொண்டே இருந்தது.

அப்போது, வெகு ஆழத்திலிருந்து சிவராஜின் குரல் கேட்டது.

"கீர்த்தி, எங்க இருக்கம்மா? கைய குடு."

அவள் விரல்களை விரித்தாள். பற்றியிருந்தது விடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே, முழங்கைக்கு, தோளுக்கு, மேலே ஏறியது.