சாவி இல்லாத சுவிட்ச்

சாவியை எடுத்த பிறகும் டெஸ்ட் லேம்ப் அணையவில்லை. பெரிதாக எரியவும் இல்லை. ஊதி அணைத்த திரியின் நுனியில் மிஞ்சும் கங்குபோல, குமிழுக்குள் ஒரு சிவப்பு. கிங்ஸ்லி அதன் முனையைச் சட்டையில் துடைத்து, ஸ்டார்ட்டருக்குப் போகும் மஞ்சள் வயரில் மறுபடி வைத்தான். அதே சிவப்பு.

ஜீப்பின் சாவி சுவிட்ச் புதிது. அன்று காலையில்தான் ஜங்ஷன் கடையில் அட்டைப்பெட்டியோடு வாங்கியது. மூன்று வயர்களுக்கும் எண் எழுதி ஒட்டியிருந்தான்: ஒன்று பேட்டரி, இரண்டு எஞ்சின், மூன்று ஸ்டார்ட்டர். நோட்டில் வரைந்த படத்தோடு இருமுறை ஒத்துப்பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. ஆனால் வயரிங் மாலை வகுப்பில் சேர்ந்து நான்கே மாதம் ஆனவனுக்குச் சரியென்று படுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

"மீரான் அண்ணாச்சி, சாவி ஒங்ககிட்டதான இருக்கு?"

ஜீப்புக்கு அடியிலிருந்து ஸ்பானர் உரசும் சத்தம் நின்றது. அகமது மீரான் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே படுத்து, ஸ்டார்ட்டரில் தடித்த கேபிளை முடுக்கிக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"எங்கிட்ட இல்லாம இந்தச் சாவி எங்கலே போவும்? இதோட நாலு தடவ கேட்டுட்டே. காசு கெட்டிப் படிக்கது இதுக்குத்தானா?"

வண்ணார்பேட்டையில் அந்தப் பட்டறையின் வழக்கம் அது. அடியில் படுப்பவனின் சட்டைப்பையில்தான் சாவி இருக்கும். சாவி பையில் இருக்கும்போது பேட்டரியைக் கழற்றுபவனைக் கோழை என்பார்கள். இந்த ஜீப்புக்கோ ஹேண்ட் பிரேக் கிடையாது. முதல் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். ஸ்டார்ட்டர் சுற்றினால் வண்டி நகரும். நகர்ந்தால் பின் சக்கரம் மீரானின் இடுப்புக்கு வரும். கிங்ஸ்லிக்கு அது தெரியும். கோழை என்ற சொல்லுக்குப் பயந்துதான் பேட்டரியைத் தொடவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழை தகரக்கூரையில் இரைந்தது. மணி ஐந்தரைதான், அதற்குள் பட்டறை இருண்டுவிட்டது. நனைந்த சாக்கின் நாற்றமும் கிரீஸ் நாற்றமும் கலந்து வந்தன; அவற்றுக்கு அடியில் இன்னொன்று, வெகுநாள் பூட்டிய அறையைத் திறந்ததுபோல, ஜீப்பின் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. மணிமுத்தாறு பக்கம் மூன்று வருஷம் மழையில் நின்ற வண்டி. இழுத்து வந்தபோது மஞ்சள் வயர் சாண் சாணாக, ஒன்பது துண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. திருடன் வெட்டினால் கையோடு கொண்டு போயிருப்பான். இதை யாரோ வெட்டி, போதாதென்று மறுபடி வெட்டி, அங்கேயே விட்டிருந்தார்கள். அந்த வயரை எடுத்துப்போட்டுப் புதிதாக இழுத்தவன் கிங்ஸ்லிதான்.

சுவிட்சைப் பார்த்தான். நெட்டுக்குத்தலாக இருந்த சாவித்துளை லேசாகச் சாய்ந்திருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணாச்சி, வெளிய வாங்க."

"ஒரு நட்டுதாம்லே பாக்கி."

"வாங்க அண்ணாச்சி!"

"ஏன்லே கத்துதே? பேய் கீய் கண்டியா?" மீரான் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இரு... கை மாட்டிக்கிட்டு. கேபிளு இறுக்குதுலே."

கிங்ஸ்லி துளையின் விளிம்பை விரல்களால் பற்றித் திருப்பினான். அது எதிர்த்தது. அந்தப் பக்கம் வேறொரு கை பிடித்திருப்பதுபோல, அவன் பலத்தை அளந்து, அதைவிடச் சற்றே கூடுதலாக. நகம் பிய்ந்தது. மறு கையால் கியரைத் தள்ளினான். அசையவில்லை. வயர் வெட்டும் கொறட்டை எடுத்தான். மூன்றாம் எண். மஞ்சள். வெட்டினான்.

வயர் இரண்டாகத் தொங்கியது.

துளை கடைசிவரை திரும்பியது.

டக்.

ஜீப் ஒரு முழம் துள்ளியது. கல் உருண்டு சுவரில் மோதியது.

"லே! லே கிங்ஸ்லி! நிப்பாட்டுலே!"

ஓடினான். பானெட்டைத் தூக்கினான். பேட்டரிக் கவ்வியை இரு கையாலும் முறுக்கினான். வரவில்லை. முறுக்கினான். வந்தது. கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கனமான, குளிர்ந்த ஈயம். எதிலும் படாமல்.

ஸ்டார்ட்டர் முனகியது. நின்றது. முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் விரற்கடை தூரம். அவசரமே இல்லாமல்.

மீரானின் குதிகால்கள் ஈரத்தரையைத் தேய்த்தன. தேய்த்துக்கொண்டே இருந்தன. "வீட்ல பிள்ளைய இருக்குலே..." என்றார்.

கிங்ஸ்லி முழு உடம்பையும் கொடுத்து முன்பக்கத்தைத் தள்ளினான். ஜீப் அவனையும் சேர்த்துத் தள்ளியது. முதுகு சுவரில் முட்டியது. அங்கிருந்து வண்டிக்கு அடியே குனிந்து பார்த்தான். கையில் பேட்டரிக் கவ்வி.

பின் சக்கரம் ஒரு மேட்டில் ஏறுவதுபோல, பையப் பைய, உயரத் தொடங்கியது.