ஆறுதல் வில்லை

காலை மணி அடித்ததும் அறவாழி எழுந்தான். பல் துலக்கினான். அன்றைய காற்றுப் பங்கை முகமூடியில் நிரப்பினான். பாசிக்களியைத் தட்டில் போட்டு, இருமுறை கண்சிமிட்டினான். விழியில் பதித்திருந்த ஒளிப்பதிவி களியைப் படமெடுத்து ஊராருக்கு அனுப்பியது. பிறகு காதுக்குப் பின்னாலிருந்த ஆறுதல் வில்லையை அழுத்தினான். செத்துப்போன மனைவி பூங்கோதை பேசினாள்.

"அழாதீங்க. நான் வெளிச்சமா உங்ககூடவே இருப்பேன்."

அவள் கடைசியாகச் சொன்னது. உயிரோடிருந்தவரை அவனை வாய்யா போய்யா என்றுதான் கூப்பிட்டாள். சாகும்போது மரியாதை வந்துவிட்டது போலும். அவன் களியைத் தின்றான்.

செவ்வாயின் நான்காம் குவிமாடத்தில் பல வீடுகளின் காலையும் இப்படித்தான். சென்ற ஆண்டு காற்றுப் பங்கைக் குறைத்தபோது கலவரம் மூண்டது. கும்பல் காற்று வடிகட்டி நிலையத்தை உடைத்தது. குழாய்களைப் பிடுங்கி, அவற்றாலேயே ஆட்களை அடித்துக் கொன்றது. எல்லாம் அடங்கியபின், சாவைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நிர்வாகம் வில்லை பொருத்தியது. நினைவிலுள்ள கோரத்தை மறைத்து, கடைசிச் சொல்லை மட்டும் துலக்கிக் காட்டும் என்றார்கள். காட்டியது.

அறவாழி பள்ளியில் தமிழ் ஆசிரியன். அன்று வகுப்பில் ஒரு சிறுவர் நாவலின் கடைசி அத்தியாயம். பூமியின் பழைய நூலகத்திலிருந்து போன வாரம்தான் வந்திருந்தது. வெள்ளத்தில் தாயைப் பறிகொடுக்கும் இரண்டு பிள்ளைகளின் கதை. முடிவை அவனும் இன்னும் படித்திருக்கவில்லை. அல்லி உரக்கப் படித்தாள்.

"அம்மாவின் பிடி நழுவியது. 'அழாதீங்க. நான் வெளிச்சமா உங்ககூடவே இருப்பேன்' என்றாள்."

அல்லி நிறுத்தினாள். "சார், இது எங்கப்பா சொன்னது."

"போடி, எங்கக்கா சொன்னது" என்றான் இமயன்.

"உங்கக்கா எப்படிடா சொல்லுவா? அவளுக்கு ஒழுங்காப் பேசவே வராது."

"அப்ப உங்கப்பன்தான் காப்பி அடிச்சான்!"

அல்லி புத்தகத்தின் முதுகால் அவன் வாயில் அடித்தாள். பல் தெறித்தது. அவன் அவள் தலைமயிரைப் பற்றி மேசை விளிம்பில் மோதினான். மற்ற பிள்ளைகள் எழுந்து, சுற்றி நின்று, இருமுறை கண்சிமிட்டினார்கள்.

அறவாழி இருவரையும் பிய்த்து விலக்கினான்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல. என் பொண்டாட்டி சொன்னதும் இதேதான்."

அல்லி நெற்றி இரத்தத்தைத் துடைத்தாள். "அப்ப வில்லை செஞ்சவங்கதான் சார் கதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்காங்க." சற்று யோசித்தாள். "அப்ப எங்கப்பா நெஜமா என்ன சார் சொன்னாரு?"

பூங்கோதை என்ன சொன்னாள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவளுடையதென்று அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரி. அதுவும் யாரோ எழுதியது.

காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்தான். வில்லையின் மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது. இழுத்தான். சதை கிழிந்து, கழுத்தில் இரத்தம் சூடாக வழிந்தது.

"வேணாம் சார்!" அல்லி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். மற்றவர்கள் கண்சிமிட்டினார்கள்.

இன்னொரு இழுப்பில் வில்லை கையோடு வந்தது. நினைவும் வந்தது.

வடிகட்டி நிலையத்தின் வாசல். கும்பல் பூங்கோதையின் காலைப் பற்றி உள்ளே இழுக்கிறது. ஒரு குழாய் உயர்ந்து அவள் முழங்காலில் இறங்குகிறது. எலும்பு முறியும் ஓசை. அவள் கை அவனை நோக்கி நீள்கிறது. எட்டும் தூரம்தான். அவன் நகரவில்லை. காட்சி கலங்காமல் பதிய வேண்டுமென்று தலையைக்கூட அசைக்காமல் நிற்கிறான். ஏற்கெனவே இருமுறை சிமிட்டியாகிவிட்டது.

அவள் கத்தினாள்.

"படம் புடிச்சது போதும்யா, கையப் புடி!"