நானூற்றுப் பன்னிரண்டாவது படம்

பிரம்பு சார் வீட்டுக்கு நான் போனது பட்டப்பகலில். மணி மூன்றுகூட ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் எல்லாம் "ராத்திரியா?" என்றுதான் கேட்கிறார்கள். நடக்கிறது நேரம் காலம் பார்த்தா நடக்கிறது?

எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி சொல்வாள். பிரம்பு சார் எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். விடை தப்பென்றால் திட்டமாட்டார், சத்தம் போடமாட்டார். "கையை நீட்டு" என்பார், அவ்வளவுதான். வகுப்பில் நீட்டாத கையே கிடையாது. அவர் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும், ஃபோனில் குரலைக் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"டேப்லெட்ல இருக்கற போட்டோவையெல்லாம் என் கம்ப்யூட்டருக்கு மாத்தணும். வா," என்றார்.

மாடியில் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். நீலச் சுவர், ஒற்றைக் கட்டில், ஒரு ஜன்னல். அந்த ஜன்னலையும் பலகை வைத்து அடித்திருந்தார்கள். மேஜைமேல் அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர். கதவைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தேன், தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் ஒன்றுமே இல்லை.

"தாழ்ப்பாளை மாத்திப் போட்டுட்டாங்களா சார்?" என்று சிரித்தேன்.

"சரியாத்தான் போட்டிருக்கு."

டேப் அவர் மனைவியுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்கறிப் பையோடு வெளியே போன அந்த அம்மா திரும்பி வரவே இல்லை. தங்கை வீட்டிலேயே இருந்துவிட்டார். போன வாரம் அங்கேயே காலமானார். சாவுக்குப் போன சார், கூட்டத்தோடு கூட்டமாக டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இதையெல்லாம் அவரே சொன்னார், கரும்பலகையில் கணக்கு விளக்குகிற குரலில்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரல," என்றார். "பரவாயில்ல. நீ ஆரம்பி."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் படமானாலும் காப்பிதான் எடுப்பேன். எண்ணிப் பார்த்து, திறந்து பார்த்து, அவர்கள் சரி என்ற பிறகுதான் பழையதை அழிப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டுக் கல்யாணப் படம்கூட என் கையில் தொலைந்ததில்லை.

"காப்பி வேண்டாம். கட் பண்ணு. அங்க ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது. நானூத்திப் பன்னெண்டு இருக்கு, எண்ணிட்டேன்," என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரிங்க சார் என்றேன்.

கிழட்டு மிஷின், இருபது இருபதாகத்தான் இழுத்தது. ஃபேன் இழுப்பு வந்த ஆள் மாதிரி இரைந்தது. டேப்பில் அந்த அம்மா கிராப் வெட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் தங்கை பின்னால் பிடித்துக்கொள்ள, அறுபது வயதில் சைக்கிள் பழகுகிறார். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

சார் டீ போடக் கீழே போனார். முதல் இருபது வந்து சேர்ந்ததும் சைக்கிள் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன்.

சைக்கிள் இல்லை.

நீலச் சுவர்.

மானிட்டர் கலர் போய்விட்டது என்று பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். படம் மாறவில்லை. அந்த அம்மா ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெட்டிய முடி இடுப்புவரை வளர்ந்து, இறுக்கிப் பின்னியிருந்தது. எனக்குப் பின்னால் கிடந்த அதே கட்டில்.

திரும்பிப் பார்த்தேன். கட்டில் காலி. ஆனால் விரிப்பில் ஆள் உட்கார்ந்த குழி இருந்தது. தைல வாசனை வந்தது, அடிபட்ட இடத்தில் தேய்ப்பார்களே, அந்தத் தைலம்.

வந்த இருபதையும் திருப்பி அனுப்பப் பார்த்தேன். மிஷின் மறுத்துவிட்டது. அப்போது டேப் அலறியது. தங்கை என்று பெயர் வந்தது. எடுத்தேன்.

"யாரு பேசறது?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர்ங்க. படம் மாத்திட்டிருக்கேன்."

 அந்தத் தங்கை கிசுகிசுவென்று பேசினார்.

"தம்பி, அக்கா சாகறப்போ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. என்னோடது எதுவும் அந்த வீட்டுக்குப் போயிடக் கூடாது, போனா நானும் போயிடுவேன்னு. அவ போனதுலேருந்து இங்க சமையக்கட்டுல அவ நடமாட்டம் இருந்துச்சு. எனக்குத் துணையா இருந்துச்சு. இப்ப கொஞ்ச நேரமா அது குறைஞ்சுக்கிட்டே வருது."

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"ஒரு படமாவது அதுல விட்டு வைங்க. ஒண்ணு போதும். அவ அதைப் பிடிச்சுக்குவா."

கீழே சார் டம்ளர் எடுக்கிற சத்தம். ஃபோனை வைத்தேன். அப்போதே எழுந்து ஓடியிருந்தால் நான் மனுஷன். ஓடவில்லை. மற்றதையெல்லாம் மாற்றினேன், கடைசிப் படத்தை மட்டும் தொடாமல் விட்டேன். மாடியில் நின்று யாருக்கோ கையசைக்கிற படம்.

சார் மேலே வந்து, டீயை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"நானூத்திப் பதினொண்ணு."

"ஒண்ணு கெட்டுப்போச்சு சார். திறக்கல."

"விடை தப்பு."

இழுப்பறையைத் திறந்து மர ஸ்கேலை எடுத்தார்.

"கையை நீட்டு."

எனக்கு நாற்பத்தாறு வயது. அவர் ஊதினால் விழுந்துவிடுகிற கிழவர். என் வலது கை தானாகப் போய் நின்றது. கட்டைவிரல் அடியில் சால்டரிங் சூடு பட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. சரியாக அதன்மேல் ஒரே அடி.

"மாத்து."

மாற்றினேன்.

டேப்பில் அந்த அம்மா கையசைத்துக்கொண்டிருந்தார். படம் மாறுவதைக் காட்டுகிற பச்சைக் கோடு பாதி ஓடியதும் கை நின்றது.

சிரிப்பு போனது.

என்னைப் பார்த்தார்.

வேண்டாம் என்று தலையாட்டினார்.

கோடு முடிந்தது. டேப்பில் ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"வந்துட்டா," என்று டீயை உறிஞ்சினார் சார்.

நாங்கள் வெளியே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளேயிருந்து மூன்று தட்டு. வேகமாக இல்லை. திறக்கமாட்டார்கள் என்று தெரிந்தவர் தட்டுகிற தட்டு.

"பழைய மிஷின். சத்தம் வரும்," என்றார்.

என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தாழ்ப்பாள் இருந்தது. நான் படியிறங்கி வந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

எட்டு மாதம் கழித்து சார் செத்துப்போனார். வீட்டைக் காலி செய்தவர்கள் அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் கடையில் போட்டார்கள். அப்பாடா, கிழவர் தொலைந்தார், இனி அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். அன்று குறித்து வைத்த நம்பரில் தங்கைக்கு ஃபோன் போட்டேன். சார் அப்போதே தபாலில் திருப்பி அனுப்பியிருந்த அதே காலி டேப்பைத் தேடி எடுத்துத் துடைத்துச் சார்ஜ் ஏற்றி, இரண்டு பஸ் மாறி வந்தார்.

முதல் படத்தைத் திறந்தேன். நீலச் சுவர், கட்டில், அந்த அம்மா.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு சார் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும். நானூற்றுப் பன்னிரண்டிலும்.

தங்கை ரொம்ப நேரம் பார்த்தார். "அவரை விட்டுட்டு அக்காவை மட்டும் எடுக்க முடியாதா தம்பி?" என்று கேட்டார்.

"முடியலக்கா."

வெறும் டேப்பை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் தைல வாசனை. கம்ப்யூட்டரைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பதிமூன்று.

புதுப் படத்தில் அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். சார் எழுந்து நின்று ஸ்கேலை ஓங்கியிருந்தார். படத்தின் ஓரத்திலிருந்து அவர் முன்னால் ஒரு வலது கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்து.

கட்டைவிரல் அடியில் சூடு பட்ட தழும்பு.