மௌன நாள்

பாட்டுப் படிக்க வந்த உமாராணி பாடி நிறுத்திய பிறகும் சமையலறைக்குள் யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள யாரு மிஸ், உங்க அம்மாவா?" என்றாள் உமாராணி. "கூடவே பாடுறாங்களே! நீங்க இன்னிக்கு வாயத் தொறக்கலன்னு எங்க பிளாக்கே நிம்மதியா இருக்கு. இவங்க விடமாட்டாங்க போல."

பொற்கொடி சிரிக்கவில்லை. அந்த குவார்ட்டர்ஸில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். நாளை சென்னையில் ஓபரா என்கிற மேல்நாட்டுப் பாட்டுக் கச்சேரி. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு ஏறப்போகும் முதல் மேடை. மேடைக்கு முந்தின நாள் முழுக்க ஒரு சொல்கூடப் பேசமாட்டாள். அவள் பாடும் உச்சக் குரலுக்கு அதுதான் காவல். இன்றைய பாடத்தையும் கையசைத்தும் சிலேட்டில் எழுதியும்தான் நடத்தினாள். 'போதும், வீட்டுக்குப் போ' என்று எழுதிக் காட்டினாள்.

சைக்கிள் சத்தம் தேய்ந்தது. பிற்பகல் வெயில் ஜன்னலில் அசையாமல் கிடக்க, சமையலறையிலிருந்து நனைந்த சாம்பலும் வியர்வையும் கலந்த ஒரு வாடை மெல்லத் தரையோடு தரையாக ஊர்ந்துவந்து அவள் பாதத்தைத் தொட்டது. அம்மாவின் அந்தச் சேலை வாடை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்டில் சாம்பல் அள்ளிய கூலி அது. அதில்தான் இவள் பட்டம் வாங்கினாள், பறந்தாள்.

2014இல் ஜெர்மனியில் முதன்முதலாகப் பெரிய வேடம் கிடைத்தபோதும் இதே மாதிரி ஒரு மௌன நாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அம்மா மாரியம்மாள் போன் பண்ணினாள். பொற்கொடி எடுத்தாள். பேசவில்லை.

"மூச்சு முட்டுது கொடி. ஒரு வார்த்த பேசுடி."

பதினோரு நிமிஷம் கெஞ்சினாள். பிறகு மூச்சு மட்டும். பிறகு அதுவும் இல்லை. மறுநாள் மகள் பாடினாள். கைதட்டினார்கள். அம்மாவை எடுத்துப் போடக்கூட ஊருக்கு வரவில்லை. அந்த வருஷமே தொண்டையில் கட்டி வந்தது.

முனகல் நின்றது.

"கொடி."

பொற்கொடி சுவரோடு ஒட்டினாள்.

"வந்துகினு இருக்கேன்னு சொல்லேன்டி. பொய்யாவது சொல்லேன்டி."

ஒரு சொல்தான். சொன்னால் நாளைய மேடை போகும். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு வருஷம் பொத்திக் காத்த குரல்.

ஈரக் காலடி. நிலைப்படியில். இந்தப் பக்கம்.

"பெத்தவகிட்ட பேச இம்மாம் ரோசனையா?"

நாசமாய்ப் போகட்டும் மேடை. 'அம்மா' என்று கத்த வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. வாய் நிறைந்திருந்தது. விரலை விட்டுத் தோண்டினாள். பச்சரிசி. ஈரமாக. துப்பினாள். நிறைந்தது. துப்பினாள். நிறைந்தது.

தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியோடு மாரியம்மாள் எதிரே குனிந்து நின்றாள். மகள் வந்து போடாத வாய்க்கரிசியில் அடுத்த பிடியை அள்ளினாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள்போல் முகத்தருகே கொண்டுவந்தாள்.

"ஆ காட்டு, கண்ணு."