நடுக்கம் போன இடம்

பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உச்சி வெயில். ஈஸ்வரி ஒரு கையில் மருந்துப் பையைப் பிடித்திருந்தாள், மறுகையில் புருஷனின் முழங்கையை. ஜெயபாண்டியின் வலது கை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டிய கை. நடுக்குவாதம் வந்து ஆட்டோவை விற்றபின், ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தோதாக பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து அந்த வாரம்தான் குடிவந்திருந்தார்கள்.

அருப்புக்கோட்டையில் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "இது புது மாத்திரை. ஆரம்பத்துல குமட்டும், எந்திரிச்சா தல சுத்தும். சில பேருக்கு இல்லாத ஆளு இருக்குற மாதிரி தெரியும். தெரிஞ்சா மறைக்காம வந்து சொல்லணும். நீங்களா நிறுத்தவும் கூடாது."

வீட்டைத் திறந்ததும் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு. எவ்வளவு கழுவினாலும் உள் அறையில் வேப்பெண்ணெய் நெடி போகவில்லை.

முதல் சில நாட்கள் ஜெயபாண்டி குமட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அப்புறம் ஒரு காலையில் டீ டம்ளரைத் தானே எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"ஏய், இங்க பாரு!"

ஈஸ்வரி பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள்தான் ஊட்டிவிட்டாள், சட்டைப் பொத்தானும் போட்டுவிட்டாள். அவருக்குத் தெரியாமல் அடுப்படிக்குப் போய் அழுதாள். அன்றைக்கு அவரே முகச்சவரம் செய்துகொண்டார். கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் மத்தியானங்களில் அவர் ஒரு மாதிரியாக இருந்தார். அனல் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டால் உள் அறை இருட்டாகிவிடும். அந்த இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து எதிர் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஈஸ்வரி கேட்டால், "ஒண்ணுமில்ல, கண்ணு கூசுது" என்பார்.

ஒருநாள் அவள் கொடியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது அவர் குரல் கேட்டது. கிசுகிசுப்பாக, கெஞ்சுகிற மாதிரி.

"எதுக்கு இப்படி ஆடுற? யாரு நீ?"

மூலையில் யாரும் இல்லை.

"யாருகிட்டங்க பேசுறீக?"

ஜெயபாண்டி அவள் வாயைப் பொத்தினார். கை கல்லு மாதிரி நின்றது, துளி ஆட்டமில்லை.

"மெதுவாப் பேசு. அங்கன ஒரு ஆளு குத்தவச்சிருக்கான். ரெண்டு கையும் ஆடுது. எனக்கு நடுக்கம் கொறையக் கொறைய அவனுக்குக் கூடிக்கிட்டே போகுது. என் கையவே பாக்குறான்."

அவள் வாயிலிருந்து அவர் கையை மெல்ல விலக்கினாள்.

"இதத்தான டாக்டரம்மா சொன்னாக? எதுக்கு மறைச்சீக?"

அவர் மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னா மாத்திரைய நிறுத்திருவாக. மறுபடியும் நீ ஊட்டி நான் திங்கணும். அதுக்கு இவன் உக்காந்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்." அவள் பக்கமாக நகர்ந்துகொண்டார். "ஆனா இப்ப கிட்ட வர்றான் ஈஸ்வரி. நேத்து கட்டில் காலுகிட்ட இருந்தான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊட்டுறதுக்கு நான் என்னைக்காச்சும் சடைச்சிருக்கேனா? கெளம்புங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. முழுசும் கேட்டுவிட்டு, மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். "உங்க மேல தப்பில்ல, மருந்தோட வேலை. கை கொஞ்சம் ஆடும். ஆனா அந்த ஆளு வரமாட்டாரு."

அப்படியே நடந்தது. ஒரு வாரத்தில் மூலை வெறும் மூலையாகிவிட்டது. ஜெயபாண்டியின் கையில் லேசான ஆட்டம் திரும்பியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால் சமாளிக்கலாம். முகச்சவரத்துக்கு சலூன் கடைக்குப் போனார். அதில் அவருக்குக் குறையில்லை. மத்தியானம் அசந்து தூங்கினார். ஈஸ்வரிக்கும் அப்போதுதான் சோறு இறங்கியது.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஈஸ்வரி ஜன்னல்களைச் சாத்திவிட்டு, உள் அறையில் கிடந்த மருந்துப் பையை எடுக்கக் குனிந்தாள்.

வேப்பெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. படபடவென்று ஆடிய ஆட்டத்தில் அவள் வளையல்கள் குலுங்கின.

திரும்பாமலே, ஆதரவாகக் கேட்டாள்.

"என்னங்க, திரும்பவும் ரொம்ப நடுங்குதா?"

பிடி இறுகியது.

"ஈஸ்வரீ!" வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்திலிருந்து ஜெயபாண்டி கூப்பிட்டார். "பஸ்ஸு வருது. வெரசா வா!"

வளையல்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன.