எட்டு மாதமாய் வராத தண்ணீர்

“சார், அந்த அம்மாவைத் தொடுறதுக்கு முன்னாடி கையைக் கழுவிடுங்க.”

எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்களோ, அதையே கேட்டுவிட்டாள். பிரசவ வார்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைமை நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அது. “பெரிய டாக்டர்கிட்ட எதை வேணாலும் கேளு. கை கழுவுங்கன்னு மட்டும் கேட்டுடாத. உங்க குடும்பத்துல முதல்ல படிச்சவ நீ. வேலையைக் காப்பாத்திக்கோ.”

இன்று பகல் பதினோரு மணிக்கு, வார்டே பார்க்க, வாளியும் மக்கும் சோப்புமாக வழிமறித்து நின்றாள்.

டாக்டர் அப்போதுதான் மூன்றாம் கட்டில்காரியின் தையலை அழுத்திப் பார்த்திருந்தார். சீழ் வைத்த தையல். அதே விரல்களோடு நாலாம் கட்டிலுக்குத் திரும்பினார். அங்கே விடியற்காலையில் பிள்ளை பெற்றவள் அசந்து கிடந்தாள்.

“கழுவினா ராசி போயிடும்மா,” என்று சிரித்தார் டாக்டர். கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேர் அவருக்கு.

“வாளியைத் தூக்கிட்டு வந்திருக்கு பாரு! அடுத்து நம்ம எல்லாரையும் குளிப்பாட்டிடும் போல,” என்றாள் மூன்றாம் கட்டில்காரியின் மாமியார். வார்டு சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. போன மாதம் இதே நாலாம் கட்டிலில், துணி தைத்துப் பிழைக்கும் தையல்காரி ஒருத்தி இருந்தாள். தலைப்பிரசவம். “சிஸ்டர், அவர் கை கழுவலையே,” என்று அவள் காதோரம் கேட்டபோது, “கைராசிக்காரர்க்கா, ஒண்ணும் ஆகாது,” என்று இவள்தான் சொன்னாள். படித்த வாயால் சொன்னாள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் கட்டில் காலி.

“தள்ளு,” என்று டாக்டர் கையை நீட்டினார்.

முதலில் வாடைதான் வந்தது. பினாயில் இல்லை, மருந்தும் இல்லை. தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்.

பிறகு சத்தம். வார்டுக் கோடியில் இருந்த குழாயிலிருந்து.

சொட்டு.

சொட்டு.

அந்தக் குழாயில் தண்ணீர் வந்து எட்டு மாதமாகிறது.

டாக்டரின் மணிக்கட்டில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன, யாரோ அழுத்திப் பிடித்ததுபோல. வாளியைத் தாண்டிக் குழாயை நோக்கி அவர் நடந்தார். நடந்தாரா, இழுபட்டாரா? செருப்பு ஒன்று நடுவழியிலேயே கழன்று கிடந்தது. குழாய் பீறிட்டது. தண்ணீரில் ஆவி பறந்தது.

அவருடைய கைகள் ஒன்றையொன்று தேய்த்தன. உள்ளங்கை. புறங்கை. விரல் இடுக்கு. கட்டைவிரல். சுவரில் மாட்டிய கை கழுவும் படத்தில் இருக்கும் அதே வரிசை, ஒன்று விடாமல்.

“போதும்... கழுவிட்டேன்... விடு!”

கைகள் நிற்கவில்லை. தொட்டியில் நீர் சிவந்தது.

“நகக்கண்ணு பாக்கி இருக்கு சார்.”

பொறுமையான பெண் குரல். தொட்டியின் ஓட்டைக்குள்ளிருந்து வந்தது.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமை நர்ஸ் ஓடிவந்து, மேசையிலிருந்த பதிவேட்டின் மேல் கவிழ்ந்தாள். டாக்டரை இழுக்கப் போகவில்லை. “இதை யாரும் பார்க்கக் கூடாது,” என்று முணுமுணுத்தாள்.

கை கழுவும் பதிவேடு அது. வேலை மிச்சமென்று மாதம் பிறந்ததுமே முப்பது நாளுக்கும் சேர்த்து ‘கழுவப்பட்டது’ என்று குறி போட்டுவிடுவது இங்கே வழக்கம். தையல்காரியின் புருஷன் கொடுத்த புகாரை, சுகாதார அலுவலகத்தில் இந்தக் குறிகளைக் காட்டித்தான் மூடினார்கள். இன்று தேதி பன்னிரண்டு. இருபத்தெட்டாம் தேதிக்கும் குறி இருந்தது. போன மாதக் குறிகளுக்குக் கீழே, வாளியோடு நின்ற இவளுடைய கையெழுத்து.

“சிஸ்டர், அவர் கை கழுவலையே.”

இம்முறை காதோரமே கேட்டது. கழுத்தில் ஈரக் காற்று பட்டது.

“ஆமாக்கா. கழுவல,” என்றாள் உரக்க.

குழாய் நின்றது. டாக்டர் தரையில் சரிந்தார், கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இனி அந்தக் கைகள் யாரையும் தொடப் போவதில்லை.

அவள் வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தன் கையை நிதானமாகக் கழுவினாள். துடைத்தாள். நாலாம் கட்டில்காரியின் நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை.

“யார் தொட வந்தாலும் கை கழுவச் சொல்லுங்கக்கா. நான் வந்தாலும் சொல்லுங்க.”

பிறகு தலைமை நர்ஸின் முழங்கைக்கு அடியிலிருந்து பதிவேட்டை உருவினாள்.

“எங்கடி போற? உன் கையெழுத்தும்தான் அதுல இருக்கு! நீயும் மாட்டுவ!”

“தெரியும் சிஸ்டர். அதையும் சேர்த்துத்தான் கொடுக்கப் போறேன்.”

சுகாதார அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. படியிறங்கி வெயிலுக்கு வந்தாள். பதிவேடு ஒரு பக்கமாகக் கனத்தது. குனிந்து பார்த்தாள்.

அட்டையின் ஒரு ஓரத்தில் அவளுடைய விரல்கள்.

மறு ஓரத்தில் ஐந்து ஈரத் தடங்கள், வெயிலில் காயாமல், இறுகிக்கொண்டே.

எண்ணெய் வாடை கூடவே வந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.