இருபத்தோரு வளையல்

வலது கையில் ஒரு வளையல் குறைந்தது. துணி உலர்த்தும்போது சும்மா எண்ணிப் பார்த்தாள் ரோகிணி. வளைகாப்பில் வலது கைக்குப் பதினொன்று, இடது கைக்குப் பத்து போட்டிருந்தார்கள்; இப்போது வலது கையில் பத்துதான். கண்ணாடி வளையல்தானே, எங்கேயாவது இடித்து உடைந்திருக்கும். ஆனால் குளியலறையிலும் படுக்கையிலும் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அவளுக்கு இருபத்தாறாவது வாரம். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தி ஒரு மாதமாகிறது. மூக்கு அடைத்துக்கொண்டு வாயால்தான் மூச்சு, இரண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்செரிச்சல், விரிந்த வயிற்றுத் தோலில் நாளெல்லாம் அரிப்பு, தொப்புளுக்கு மேலும் கீழும் யாரோ பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கை வீங்கிப்போய், கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டித்தான் கழற்றினார்கள். பிரஷர் சரியாக இருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது, இதெல்லாம் இந்த மாதத்தில் வருவதுதான் என்று டாக்டர் சிரித்தார். போன தடவை நாலாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்தக் குழந்தை தங்கவேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

மறுநாள் இடது கையில் இரண்டு குறைந்தன. மோதிரமே லேசில் கழலாத கையிலிருந்து வளையல் எப்படிக் கழன்றது? கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா விஜயகுமாரியிடம் கேட்டாள்.

“இன்னாம்மா, இதுக்குப் போயி பேஜாராவுற? ஒடைஞ்சத நீயே பெருக்கித் தள்ளியிருப்ப. வளைகாப்பு வளையல் சத்தம் கொழந்தைக்குத்தான். அது கேட்டுகினு கீதில்ல? அது போதும்.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் கையை அசைத்தால் உள்ளே மீன்குஞ்சு துள்ளுவது மாதிரி ஒரு உதை வரும். அதற்காகவே அவள் வேலையில்லாமல் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பைத்தியக்காரி.

வெள்ளிக்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவள் கணவன் ஷ்யாம் குனிந்து அவள் வயிற்றில் காதை வைத்தான்.

“கைய ஆட்டாத ரோகி. வளையல் சத்தந்தான் கேக்குது.”

அவளுடைய இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தன. அசையவே இல்லை. சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது. அவன் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

அப்போது இரண்டு கையிலும் சேர்த்து ஒன்பதுதான் இருந்தன. பதினோரு மணிக்கு ஐந்துதான் மிச்சம். ஷ்யாம் வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; அடித்தால் அணைந்திருந்தது. விஜயகுமாரி செங்கல்பட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பகல் ஒரு மணிக்குக் கரண்ட் போய் மின்விசிறி நின்றதும், தெருவும் சதுரங்கப்பட்டினமும் வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது. தூரத்தில் கடல் மட்டும் இரைந்தது. காயும் மீனின் வாடை அடைத்த மூக்கையும் தாண்டி உள்ளே வந்தது. வயிற்றுக்குள் கிலுங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

வலது கை வெறுமையாகிவிட்டது, இடது கையில் ஒன்றே ஒன்று மிச்சம். பச்சை வளையல். கண்ணாடி உள்ளே போய் உடைந்தால் குழந்தை என்னாகும்? அவள் வலக்கையால் அதை இறுக்கிப் பிடித்தாள். கண் இமைக்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. விடவில்லை.

கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது.

கத்திவிட்டாள். கை தானாகக் காலுக்குப் போனது. ஒரு நொடிதான்.

திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவந்த தடம் மட்டும்.

கிலுங்.

நைட்டியை மேலே சுருட்டினாள். வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து புடைத்திருந்தது. கறுப்புக் கோடு வளைந்தது. தோலுக்கு அடியிலிருந்து ஒரு விரல் எழும்பியது. இன்னொன்று. ஐந்தும். பிறகு உள்ளங்கை. அதற்குக் கீழே, வரிவரியாக, நெருக்கமாக, வளையங்கள்.

குழந்தையின் கையில் அந்த வளையல்கள் நிற்காது. தோள்வரை நழுவிப்போகும்.

இவை கச்சிதமாக நின்றன. அது வளர்ந்த பெண்ணின் கை. அவள் கையின் அளவு.

இடது விலா எலும்புக்குக் கீழே, ஓரத்தில், ஒரு சின்ன உதை. அவளுக்குத் தெரிந்த உதை. இன்னொன்று. படபடவென்று, வேகவேகமாக.

தோலுக்கு அடியில் அந்தக் கை நின்றது. மெல்லத் திரும்பியது. வளையல்கள் குலுங்க, உதை வந்த பக்கமாக நகர ஆரம்பித்தது.